திரிபுச் சோதனை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் எழுதும் கணினி நிரல்களுக்கு மதிப்பெண் இடும் சோதனைகளை எந்த அளவு நம்பலாம் என்று அளக்க உதவும் ‘மியூட்டேஷன் டெஸ்டிங்’ முறைக்கு முன்மொழியப்பட்ட ‘சடுதிமாற்றச் சோதனை’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. உயிரியலுக்கு அது பொருந்தலாம். இங்கோ மாற்றம் சடுதியாக நேர்வதன்று, சரியான நிரலில் ஓரிடத்தில் நாமே பிழையைப் புகுத்தி, சோதனைகள் அதைக் கண்டுகொள்கின்றனவா என்று பார்க்கிறோம்.

லீப் ஆண்டைக் கண்டறியும் நிரலுக்கு 2023, 2024 என இரண்டு உள்ளீடுகளை மட்டும் வைத்தால், நான்கால் வகுபடுகிறதா என்பதோடு நின்றுவிடும் அரைகுறை நிரலும் முழு மதிப்பெண் பெற்றுவிடும். அதைப் பிடிக்க, நான்கால் வகுபட்டும் லீப் ஆண்டல்லாத 1900 வேண்டும்; நூறால் வகுபடும் ஆண்டுகளை எல்லாம் தள்ளிவிடும் நிரலைப் பிடிக்க, நூறால் வகுபட்டும் லீப் ஆண்டான 2000 வேண்டும். நிரலின் எத்தனை வரிகள் இயங்கின என்ற கணக்கு இந்த ஓட்டையைக் காட்டாது.

புகுத்தப்படும் மாற்றங்களோ பெரும்பாலும் சேர்த்தல், மாற்றியிடல், நீக்கல் என்பவையே. புணர்ச்சி இலக்கணம் தோன்றல், திரிதல், கெடுதல் என்று வகுத்த மூன்று விகாரங்களும் இவையே அல்லவா? ‘விகாரம்’ என்பதையே எடுத்திருப்பேன். இன்றைய வழக்கில் அது அருவருப்பைக் குறிப்பதால் விட்டேன். ‘திரிபு’ மூன்றில் ஒன்றுதானே என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் ‘ஐயந்திரிபற’ என்னும்போது அச்சொல் பிழையையும் உணர்த்துவதால், ‘திரிபுச் சோதனை’ என்பதையே முன்மொழிகிறேன்.

பிழை புகுத்திய நிரல் ‘திரிநிரல்’. சோதனை அதைக் ‘கொன்றது’ என்று ஆங்கில வழக்கைப் பின்பற்றாமல், ‘பிடிபட்டது’, ‘தப்பியது’ என்போம். இருபதில் பதினேழு பிடிபட்டால் ‘பிடிவீதம்’ 85 விழுக்காடு.

1978-இல் டெமில்லோ, லிப்டன், சேவார்டு ஆகிய கணினி அறிஞர்கள் இம்முறையை விளக்கியபோது, தேர்ந்த நிரலாளரின் நிரல் சரியான நிரலுக்கு நெருக்கமாகவே இருக்கும் என்று கொண்டார்கள். தொடக்கநிலை மாணவர்கள் அந்த வரையறைக்குள் எப்போதும் அடங்குவதில்லை. ஆகவே முந்தைய மாணவர்களின் தவறான விடைகளையும் சேர்த்தே சோதனைகளை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அவற்றைத் திரிநிரல் என்று அழைக்கலாகாது. ‘பிழைநிரல்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

ஒரு சொல் மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. எண்களில் பெரியதைத் தேடும் நிரலில் ‘விடப் பெரியது’ என்னும் ஒப்பீட்டைப் ‘பெரியது அல்லது சமம்’ என்று மாற்றினாலும் விடை மாறாது. எந்தச் சோதனையாலும் பிடிக்கவே இயலாத இத்தகையதைப் ‘பொருள்மாறாத் திரிநிரல்’ என்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.