ரேட்டிங்கை நம்புவதா, மூக்கை நம்புவதா? பேட்டைக்குள் சின்ன உணவகமும் பாரும் தேடுவது பற்றி

மேசைவிளக்கு
பெருநகரத்தில் புதிதாக ஒரு பேட்டைக்குக் குடிபோனால் நடக்கிற தூரத்திலேயே முப்பது சின்ன உணவகம், ஏழெட்டு பார் தேறும். ஆப்பில் 4.5க்கு மேல் இருப்பதில் மட்டும் நுழைவது ஒரு கட்சி. போனைப் பையில் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்து முடிவெடுப்பது இன்னொரு கட்சி. "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்று நழுவாமல், எது எங்கே காலை வாரும், ஏன் வாரும் என்று எழுதுங்கள். கிளை கிளையாகத் திறக்கும் கடைகள் இந்த இழையில் வேண்டாம்.

எண்சுவடி
நான் ரேட்டிங் கட்சி. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சராசரியைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. 12 பேரில் 11 பேர் நல்லது என்ற கடைக்கு 92%. 900 பேரில் 765 பேர் நல்லது என்ற கடைக்கு 85%. முதல் கடைதான் மேல் என்று தோன்றும். கணிதவியலர் எட்வின் வில்சன் 1927இல் கொடுத்த சூத்திரத்தில் 95% நம்பக எல்லை (கடையின் உண்மையான சதவீதம் எதிலிருந்து எது வரை இருக்கக்கூடும் என்ற கணிப்பு) போட்டுப் பாருங்கள். முதல் கடையின் கீழ் எல்லை சுமார் 65%க்கு இறங்கிவிடும். இரண்டாவது 82%க்கு மேல் நிற்கும்.

அடுத்தது, வரிசையை "புதியது முதலில்" என்று மாற்றிவிட்டுக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். சின்னக் கடையில் ஒரு சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும்; பழைய 800 ரிவ்யூ அதைக் காட்டாது. ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளுங்கள். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுவார்கள். ஒரே வாரத்தில் இருபது ஐந்து நட்சத்திரம், எல்லாம் ஒற்றை வரி என்றால் அந்த வாரத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கரண்டிக்காம்பு
சூத்திரம் சரிங்க. அதுக்குள்ள போடுற எண் சரியா? 2017ல லண்டன்ல ஒருத்தர் தோட்டத்துக் கொட்டகையை உணவகம்னு பதிவு பண்ணி, நண்பர்களை வெச்சு ரிவ்யூ எழுத வெச்சு, டிரிப்அட்வைசர்ங்கிற ரிவ்யூ தளத்துல அந்த நகரத்தோட முதலிடத்துக்கே கொண்டுவந்தார். அதுவரைக்கும் அங்க ஒரு தட்டு சாப்பாடு போட்டதில்லை.

காரணம் வெளிப்படை, காசு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல மைக்கேல் லூக்கா 2011ல சியாட்டில் உணவகங்களோட வருவாயை வெச்சு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். யெல்ப்ங்கிற ரிவ்யூ தளத்துல ஒரு நட்சத்திரம் கூடினா வருமானம் 5லேர்ந்து 9 சதவீதம் கூடுது, அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், சங்கிலிக் கடைக்கு இல்லைன்னு அதுல இருக்கு. அப்போ எண்ணைத் தூக்கிக் காட்டணும்ங்கிற நெருக்கடி சின்னக் கடைக்குத்தான் அதிகம்.

இன்னொண்ணு: வீட்டுக்கு வரவழைச்சுச் சாப்பிட்டவரும் மேசையில உக்காந்து சாப்பிட்டவரும் பல ஆப்புல ஒரே ரேட்டிங்லதான் போடறாங்க. டப்பாவுல அரைமணி நேரம் ஆவியில ஊறின பொரிச்ச பண்டத்துக்கு ரெண்டு நட்சத்திரம் விழுந்தா அது அடுப்போட குற்றமா?

உப்புக்கல்
வாசல்ல நின்னு பார்க்கிற கட்சிக்கும் ஒரு கேள்வி. "கூட்டம் இருந்தா நல்ல கடை" என்பதைத் தவிர உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? எட்டே நாற்காலி போட்டால் எந்தக் கடைக்கும் வரிசை நிற்கும்.

கரண்டிக்காம்பு
இருக்கு. வரிசையா சொல்றேன்.

மெனு கார்டு நீளம் இல்லை, சமையல் முறை எத்தனைன்னு பாருங்க. தொண்ணூறு ஐட்டம் இருந்தா எல்லாம் ஃப்ரீசர்லேர்ந்து வருதுன்னு சொல்லிடுவாங்க. அப்படி இல்லை. ஆறு அடிப்படைக் குழம்பு, அதுல போட எட்டு வகைப் பொருள்னு வெச்சா 48 ஐட்டம் நேர்மையாவே வந்துரும். ஆனா நாலு அடுப்பு, ரெண்டு ஆள் இருக்கிற இடத்துல சுட்டது, அவிச்சது, பொரிச்சது, ஓவன்ல வெச்சது, பச்சையா நறுக்கினது அஞ்சும் மெனுவுல இருந்தா, அதுல ரெண்டு முறையாவது பாக்கெட்டைப் பிரிச்சுச் சூடு பண்றதுதான்.

எண்ணெய். கதவைத் திறந்ததும் தெரியும். நல்ல எண்ணெய்ல பொரிக்கிற வாசனை பசியைக் கிளப்பும். வெந்து தேய்ஞ்ச எண்ணெய் கண்ணைக் கரிக்கும், தொண்டையில ஒட்டும். பொரிக்கிறது 175லேர்ந்து 180 டிகிரியில நடக்கும். பண்டத்துல இருக்கிற தண்ணி எண்ணெயை உடைச்சுக் கொழுப்பு அமிலத்தைப் பிரிக்கும், அதனால புகையுற வெப்பநிலை கீழ இறங்கி அதே 180லயே புகைய ஆரம்பிக்கும். எண்ணெய் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கெட்டியானா, பண்டத்தை வெளிய எடுத்த பிறகும் மேல பொடி நுரை அடங்காம நிக்கும். அந்த நுரை தெரிஞ்சா பொரிச்ச எதையும் கேக்காதீங்க. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது; மாவுத்தூள் கருகினாலே எண்ணெய் கறுக்கும்.

சூடா வெச்சுப் பரிமாறுற தட்டுகள். 60 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லைன்னா 5க்குக் கீழ. நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிடந்தா கிருமிக்குக் கொண்டாட்டம். ஆவி இல்லை, மேல ஆடை படிஞ்சிருக்கு, ஓரம் காஞ்சு பாத்திரத்துல வளையம் போட்டிருக்குன்னா அது ரொம்ப நேரமா அங்கதான் இருக்கு. சாதத்துல இன்னும் எச்சரிக்கை. பேசில்லஸ் செரியஸ் வித்துகள் வேகவெச்சாலும் சாகாது; வெளிய கிடக்கிற சாதத்துல முளைச்சு நஞ்சு விட்டுருச்சுன்னா, வாந்தி எடுக்க வைக்கிற அந்த நஞ்சு திரும்பக் கொதிக்க வெச்சாலும் அழியாது. "சூடு பண்ணிட்டேன் சார்"ங்கிறது அங்க எடுபடாது.

கடைசியா துணி. எல்லாரும் கழிப்பறையைப் பாருன்னு சொல்வாங்க. சின்னக் கட்டடத்துல அது நாலு கடைக்கும் பொது, அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மேசை துடைக்கிற துணி எங்க போகுதுன்னு அஞ்சு நிமிஷம் பாருங்க. மேசை, அப்புறம் கத்தி, அப்புறம் கை, அப்புறம் தோள்னு ஒரே துணி சுத்தினா எழுந்து வந்துருங்க.

எண்சுவடி
நல்ல பட்டியல். ஆனால் இதில் பாதி உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரியும். வாசலிலிருந்து துணி தெரியுமா? அடுப்பு பின்கட்டில் இருந்தால் நுரை தெரியுமா? முப்பது கடையிலும் ஏறி இறங்கி யார் சோதிப்பது? முப்பதை எட்டாகக் குறைக்க எண் வேண்டும். எட்டில் ஒன்றை எடுக்க உங்கள் மூக்கு போதும்.

சில நகரங்களில் சுகாதாரச் சோதனையின் முடிவை வாசலிலேயே ஒட்டுகிறார்கள். நியூயார்க்கில் 2010 முதல் ஏ, பி, சி என்று எழுத்து. பிரிட்டனில், ஸ்காட்லாந்து தவிர, 0 முதல் 5 வரை எண். அதுவும் ரேட்டிங்தான்.

கரண்டிக்காம்பு
அது சோதனைக்கு வந்த அன்னிக்கு நிலவரம். நீங்க போறது வேற நாள், வேற நேரம். நேரம்தான் எல்லாமே. மதியமோ ராத்திரியோ, கடை திறந்து இருபது முப்பது நிமிஷத்துல போங்க. அடுப்பு சூடேறியிருக்கும், எண்ணெய் புதுசு, வேலை செய்யுறவங்களுக்கு வாய் திறந்து பேச நேரம் இருக்கும். மூடுறதுக்கு அரைமணி முன்னாடி போனா மிச்சம்தான் வரும். ஒரே கடை, ஒரே நாள், ரெண்டு நேரத்துக்கு ரெண்டு தரம். உங்க 900 பேர் எத்தனை மணிக்குப் போனாங்கன்னு எந்த ஆப்பும் சொல்றதில்லை.

அரைக்குவளை
பார் பக்கம் வந்தால் கரண்டிக்காம்பு சொன்ன நேரக் கணக்கு தலைகீழ். கடை திறந்ததும் வருகிற முதல் டிராட் பீர் (பீப்பாயிலிருந்து குழாய் வழியே டேப்பைத் திறந்து ஊற்றுவது) ராத்திரி முழுக்கக் குழாயில் கிடந்தது. உள்விட்டம் 9.5 மி.மீ. உள்ள குழாய் 10 மீட்டர் ஓடினால் அதற்குள் 700 மி.லி. நிற்கும். குளிர்ச் சுற்று இல்லாத குழாய் என்றால் அது அறைச் சூட்டிலேயே கிடந்திருக்கும். ஒழுங்கான கடை அதைக் கீழே ஊற்றிவிடும். ஒழுங்கில்லாத கடையில் அது உங்களுக்கு. ஆகவே உணவகத்துக்கு முதலில் போங்கள், பாரில் முதல் ஆளாக நிற்காதீர்கள்.

ரேட்டிங் பாரில் சுத்தமாகப் பயன்படாது. இசை, வெளிச்சம், கூட வந்த நண்பர்கள், இதற்குத்தான் நட்சத்திரம் விழுகிறது. குழாய் கழுவினார்களா என்று எவரும் எழுதுவதில்லை. குறைந்தது 14 நாளுக்கு ஒருமுறை 2% காரக் கரைசலைக் குழாயில் 15 நிமிடம் சுழலவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலத்தால் பீர்க்கல்லை, அதாவது குழாயில் கல்போல் படிந்ததை, எடுக்க வேண்டும். செய்யாவிட்டால் லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியா படிந்து பீர் புளிக்கும், சில சமயம் வெண்ணெய் வாசம் வரும். வெண்ணெய் வாசத்தைச் சிலர் "ரிச்" என்று புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் போடுவதும் உண்டு!

டேப் எண்ணிக்கையைப் பாருங்கள். இருபது டேப் இருக்கிற கடை பெருமைக்குரியது என்று நினைக்கிறோம். 50 லிட்டர் பீப்பாய் அரை லிட்டர் வீதம் 100 குவளை. ஒரு டேப்பில் நாளுக்கு ஐந்து குவளை போனால் அந்தப் பீப்பாய் தீர இருபது நாள். உள்ளே ஆறு பேர், சுவரில் இருபது டேப் என்றால் மற்றவர் குவளையில் எந்த நிறம் அதிகம் இருக்கிறதோ அதையே கேளுங்கள், அல்லது பாட்டிலுக்குப் போங்கள்.

உப்புக்கல்
பாட்டில் மட்டும் பத்திரமா?

அரைக்குவளை
விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுக்கிய பச்சை, வெள்ளைப் பாட்டில் பத்திரமில்லை. பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவில் இருக்கிற பொருள் ஒளி பட்டு உடைந்து, கந்தகம் சேர்ந்த நாற்றம் பிடிக்கும். வெயிலில் சில நிமிடமே போதும், ட்யூப்லைட்டில் கொஞ்சம் தாமதமாகும். பழுப்புப் பாட்டில் பெரும்பகுதி ஒளியைத் தடுக்கும், கேனில் பிரச்சினையே இல்லை. காக்டெயில் கேட்பவர்கள் வெர்மூத் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஒயின் வகை. திறந்தபின் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். மேல்தட்டில் தூசியோடு நின்றால் அது சேர்கிற எதையும் தவிர்க்கலாம்.

மேசைவிளக்கு
சரி, எட்டுக் கடை தேறியது என்று வைப்போம். எப்போது தேடலை நிறுத்துவது? கணிதத்தில் 37% விதி என்று ஒன்று உண்டே. முப்பது கடை என்றால் முதல் பதினொன்றைப் பார்த்துவிட்டு, அதன்பின் அவற்றைவிட மேலானது கிடைத்ததும் நிறுத்திவிடு என்பது.

எண்சுவடி
அந்த விதியை இங்கே பொருத்தக் கூடாது. தள்ளிய ஒன்றுக்குத் திரும்பிப் போக முடியாது என்பது அதன் அடிப்படை நிபந்தனை. உணவகத்துக்கு நாளையே திரும்பலாம், கதவு சாத்திவிடாது. இங்கே கேள்வி, நீங்கள் அந்தப் பேட்டையில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்பதுதான். இரண்டு வருடம் என்றால் முதல் மாதங்களில் தாராளமாகப் புதியதைத் தேடுங்கள்; நல்லது கிடைத்தால் அனுபவிக்க நாள் மிச்சம் இருக்கும். ஒரு வாரம்தான் என்றால் முதல் நல்ல கடையிலேயே மூன்று வேளை சாப்பிடுவது லாபம்.

ஒரே தடவையில் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் தடவை பிரமாதமாக இருந்த கடை இரண்டாம் தடவை சாதாரணமாகத் தோன்றுவது பெரும்பாலும் கடை கெட்டதால் இல்லை. முதல் நாள் சராசரிக்கு மேலே போயிருக்கும். இரண்டாவது தடவை வேறு கிழமை, அதே உணவைக் கேளுங்கள். இரண்டு தட்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கடையின் கை மாறாமல் நிலையாக இருக்கிறது என்று பொருள்.

உப்புக்கல்
அதே உணவையா? அப்படியானால் மெனுவில் மீதி எப்போது? அந்தக் கடையில் எது நன்றாக வரும் என்று கேட்டுவிட்டால் முடிந்ததே.

கரண்டிக்காம்பு
"எது நல்லா இருக்கும்"னு கேட்டா எது தேங்கிக் கிடக்கோ அதைத்தான் சொல்வாங்க, பலகையில எழுதின ஸ்பெஷலும் பல இடத்துல அந்தக் கதைதான். "தினமும் முதல்ல தீர்ந்துபோறது எது?"ன்னு கேளுங்க. பதில் டக்குன்னு வந்தா உண்மை. யோசிச்சுச் சொன்னா அன்னிக்கு அங்க அப்படி ஒண்ணு இல்லை. முதல் தடவை அதையும், குழம்பு மறைக்க முடியாத எளிய ஒண்ணையும் வாங்குங்க. அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு பேர் போனா ஆளுக்கு ஒண்ணு, பங்கு போட்டுக்கலாம்.

எண்சுவடி முப்பதை எட்டாக்கறதுக்கு எண் வேணும்னார். அதுல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. பதினஞ்சு ரிவ்யூ மட்டும் இருக்கிற பழைய கடையை உங்க கீழ் எல்லை முதல் வடிகட்டல்லயே வெளிய தள்ளிடும். பேட்டை ஆளுங்க மட்டும் சாப்பிடுற கடைக்கு எவர் ரிவ்யூ எழுதறார்?

எண்சுவடி
தள்ளாது, வரிசையில் கீழே வைக்கும். கீழ் எல்லை குறைவு என்றால் மோசம் என்று பொருளில்லை, தெரியவில்லை என்று பொருள். தெரியாததில் வாரம் ஒன்றை உங்கள் முறையில் சோதியுங்கள், மற்ற நாளில் எண்ணை நம்புங்கள். இதை "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்று மேசைவிளக்கு திட்டினாலும் பரவாயில்லை.

உப்புக்கல்
அரைக்குவளை சார், பீர் சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். குழாய் குற்றமா, குவளை குற்றமா, என் நாக்கா என்று எப்படிப் பிரிப்பது? ஒரே மாலையில் மூன்று பார் ஏறி இறங்குகிறவர்கள் மூன்றாவதில் என்ன சொன்னாலும் நம்ப முடியாது.

அரைக்குவளை
மூன்றாவதில் சொல்வதை நானும் நம்ப மாட்டேன். 4% பீர் 330 மி.லி. என்றால் ஆல்கஹால் பத்து கிராம் சொச்சம். உடம்பு அதைக் கழிக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் அரைக் குவளை மட்டும், இடையில் தண்ணீர், லேசான பீரிலிருந்து கசப்புக்கும் கருப்புக்கும் ஏறுவது. குறிப்பு எழுதுவதானால் முதல் கடையிலேயே எழுதுங்கள். வண்டி எடுக்க வேண்டாம்.

பிரிக்கிற வழி இது. முதலில் குவளையை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கச் சுவரில் குமிழ் ஒட்டி நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. அடியிலிருந்து மட்டும் ஒரே இடத்தில் குமிழ் எழுந்தால் அது நுரைக்காகக் கண்ணாடியில் வேண்டுமென்றே செதுக்கியது, குறை இல்லை. குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாக உள்சுவரில் தங்கினால் குவளை சுத்தம். பிறகு இரண்டாவது மிடறுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். பாதி குடித்துவிட்டுச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அதே டேப்பிலிருந்து வேறு குவளையில் கொஞ்சம் கேளுங்கள். குறை போய்விட்டால் குவளை. அப்படியே இருந்தால் பக்கத்து டேப்பில் ஒரு வாய் கேளுங்கள். அதிலும் அதே புளிப்பு என்றால் அந்தக் கடையில் குழாய் கழுவி நாளாகிறது. பக்கத்து டேப்பில் அது இல்லை என்றால் முதல் டேப்பின் பீப்பாயோ அதன் குழாயோதான், வேறு பீரை மாற்றிக்கொண்டு உட்காரலாம். ஊற்றுகிறவர் டேப்பின் மூக்கைப் பீருக்குள் முக்கி ஊற்றினால் மட்டும் இவ்வளவு சோதனையும் தேவையில்லை, அந்தக் கடை சுத்தம் பார்ப்பதில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.