தொலைநோக்கி இல்லாத காலத்தில் அரண்மனை வானியலர்கள் கிரகணத்தை எப்படிக் கணித்தார்கள்?

நிலாவாசி (கேள்வி):
கி.மு. 7ஆம் நூற்றாண்டில், அசீரிய மன்னர் எசர்ஹாடன் காலத்தில், மன்னருக்கு ஆகாத சந்திர கிரகணம் வந்தால் வேறு யாரையாவது அரியணையில் உட்காரவைத்து, கெடு முடிந்ததும் கொன்றுவிடுவார்களாம். ஓர் உயிரே போகிற விஷயம். கருவி எதுவும் இல்லாமல் கிரகணத்தை எப்படி முன்கூட்டியே சொன்னார்கள்?

களிமண்ஏடு:
விடாமல் எழுதிவைத்ததுதான். ஒரு சந்திர கிரகணத்துக்குப் பிறகு அடுத்ததற்கு வாய்ப்பு 6 பௌர்ணமி கழித்து, சில சமயம் 5. பல தலைமுறை ஏடுகளைச் சேர்த்துப் பார்த்த பாபிலோன்காரர்களுக்கு 223 பௌர்ணமிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்புவது தெரிந்துவிட்டது, அதாவது 18 ஆண்டு, 11 நாள், ஏறக்குறைய 8 மணி நேரம். அந்த 8 மணி நேரம்தான் படுத்தும். 2025 செப்டம்பர் 7 இரவு நாம் பார்த்த முழு கிரகணம் 2043 செப்டம்பர் 19 அன்று திரும்பி வருகிறது, ஆனால் உச்சம் நமக்குக் காலை 7 மணிக்கு மேல், நிலா அதற்குள் மறைந்திருக்கும். சூரிய கிரகணம் இன்னும் கஷ்டம், நிழல் எந்த ஊரில் விழும் என்று இந்தச் சுழற்சி சொல்லாது.

சோழிக்கணக்கு:
நம் பக்கத்துக் கதை ஒன்று. 1825இல் புதுச்சேரியில், நம் நாள்காட்டிக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவருக்கு, பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுத்தில் எதுவும் போடாமல், அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். நிலவின் வேகம் கூடிக் குறைவது 248 நாளில் 9 சுற்று முடியும், அதற்கு நாளுக்கொன்றாக, நிலவின் இடத்தைச் சொல்லும் 248 மனப்பாட வாக்கியங்கள். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு! நடுவில் 23, முடிவில் 52. அவருக்குக் கோட்பாடு தெரியாது என்று வாரன் எழுதியதை வைத்து மட்டம் தட்டுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அந்தச் சூத்திரத்தை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, இவர் அதை ஓர் எண் சிந்தாமல் காப்பாற்றி வந்தார்.

நிலாவாசி:
சரி, 52 நிமிடம் எப்படிப் பிசகியது?

களிமண்ஏடு:
எந்தச் சுழற்சியும் முழு எண்ணில் சரியாக முடிவதில்லை. மிச்சம் சிறியதுதான், ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் சேரும். வானத்தைப் பார்த்துத் திருத்தாவிட்டால் மனப்பாடம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. கேரளத்தில் பரமேஸ்வரர் என்ற வானியலர் அதைத்தான் செய்தார். பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கு ஒத்துவராததால் 1431இல், கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய திருக்கணித முறையை எழுதினார். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் நடக்கிற வாதம் இதே பிசகைப் பற்றியதுதான். என்னைக் கேட்டால், கிரகண விஷயத்தில் திருக்கணிதம் பக்கம்தான் நிற்பேன்.