புதுப்பிப்பு: துணிக்கேற்ற பெயின்ட்

பச்சைப் பூத்துணி போட்ட பழைய தேக்கு நாற்காலிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவானது, துணியின் பின்னணியில் உள்ள மங்கலான க்ரீம். பச்சைக்குப் பச்சை அடித்தால் சின்ன வித்தியாசம்கூடக் கண்ணை உறுத்தும்.

பெயின்ட் கடையின் ஷேட் கார்டை (நிற மாதிரி அட்டையை) மட்டும் நம்பாதீர்கள். பிளைவுட் துண்டில் ப்ரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் துணியோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்திலும் வீட்டு விளக்கிலும் பாருங்கள். கடை டியூப்லைட்டில் பொருந்தியது மஞ்சள் எல்இடியில் பிரிந்து தெரியலாம். துணிச்சாயமும் பெயின்ட் நிறமியும் ஒளியை ஒரே மாதிரி பிரதிபலிப்பதில்லை. பளபளப்பு வேண்டாம், லேசாக மட்டும் மினுங்கும் சாட்டின் ஃபினிஷ்தான் துணியோடு பொருந்தும்.

வெளிர் நிறத்தில் தேக்கின் சாறு கசிந்து பழுப்புத் திட்டு விழும். முதலில் 120 நம்பர், பிறகு அதைவிட நைசான 220 நம்பர் உப்புத்தாளால் தேய்ப்பு, தின்னர் துடைப்பு, கசிவைத் தடுக்கும் ஷெல்லாக் (அரக்கு) ப்ரைமர், அப்புறம்தான் பெயின்ட். எனாமல் என்றால் ஒரு வாரமாவது இறுகவிட்டுத் துணியை நாற்காலியில் பொருத்துங்கள், இல்லாவிட்டால் துணி பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும்.