தைராய்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை இந்தப் பயத்தை எப்படிச் சமாளிப்பது?

தேன்சிட்டு:

அனைவருக்கும் வணக்கம். என் தைராய்டு சுரப்பியின் இரு பக்கங்களிலும் கட்டிகள் இருக்கின்றன. ஊசி வழியாகச் செல்களை எடுத்துப் பார்த்த பரிசோதனையில், அவற்றுள் ஒன்றைப் புற்றுநோய் என்றோ இல்லை என்றோ அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்டோம். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடுவதே நல்லது என்று இருவருமே கூறிவிட்டார்கள். ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல. அது முடிவாகிவிட்டது, அடுத்த மாதத் தொடக்கத்தில் நாளும் குறித்துவிட்டார்கள்.

இடையில் இருக்கும் இந்த நாள்களைக் கடப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. பகலில் வேலை இருப்பதால் ஒருவாறு பொழுது போய்விடுகிறது. இரவில் படுத்தவுடன் கை தானாகவே கழுத்துக்குப் போய்க் கட்டியைத் தடவிப் பார்க்கிறது. அதன்பின் உறக்கம் வருவதில்லை. நான் பள்ளி ஆசிரியை. குரல்தான் என் பிழைப்பு. குரல் போய்விட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் ஒருபுறம், மயக்க மருந்து கொடுத்தபின் எழாமலே போய்விடுவேனோ அல்லது நடுவில் விழித்துக்கொள்வேனோ என்ற எண்ணம் மறுபுறம். இவற்றோடு, வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரையை நம்பியே இருக்க வேண்டுமே என்ற சலிப்பும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் எல்லோரும் "ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்கிறார்கள். அவர்கள் அன்பினால் சொல்வது புரிகிறது. ஆனால் அப்படிச் சொன்னவுடன் மேற்கொண்டு பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவர்கள் உங்கள் மனத்தை எப்படி நிலைப்படுத்தினீர்கள் என்று கூற முடியுமா?

கார்முகில்:

வணக்கம் தோழி. எனக்கும் சுரப்பி முழுவதையும் அகற்றிவிட்டார்கள். சில ஆண்டுகள் ஆகின்றன. நானும் நாள் முழுவதும் பேசியே சம்பாதிப்பவள் என்பதால் உங்கள் கவலை எனக்குப் புதிதன்று.

தைரியமாக இருக்க முயல்வதை முதலில் விட்டுவிடுங்கள் என்பேன். அதற்குப் பதிலாக, இரவில் மனத்தில் ஓடுவதையெல்லாம் ஒரு தாளில் கேள்விகளாக எழுதுங்கள். "பயமாக இருக்கிறது" என்பதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது, "என் குரல்நாண் நரம்பை எப்படிப் பாதுகாப்பீர்கள்?" என்பதற்கு அறுவை மருத்துவர் கட்டாயம் விடை சொல்லியாக வேண்டும். நான் அந்தத் தாளை அப்படியே மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டேன். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓரிரு சொற்கள் எழுதிக்கொண்டே விளக்கினார். அதன்பின் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஓர் எல்லை வந்துவிட்டது.

குரலைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். குரல்நாண்களை இயக்கும் நரம்புகள் பக்கத்துக்கு ஒன்றாகச் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே மேலேறுகின்றன. அறுவை மருத்துவர் அவற்றைக் கண்ணால் கண்டறிந்து, விலக்கி வைத்துவிட்டுத்தான் சுரப்பியை எடுக்கிறார். நரம்பின் செயலைச் சிகிச்சையின்போதே மின்முறையில் கண்காணிக்கும் கருவியும் பல மருத்துவமனைகளில் உண்டு. உங்களுக்கு அதைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். நரம்பு அயர்ந்துபோய்ச் சில வாரங்களோ மாதங்களோ குரல் கம்மியிருப்பது நிரந்தரப் பாதிப்பைக் காட்டிலும் அதிகம் காணப்படுவது. அனுபவமுள்ளவர்களின் கையில் நிரந்தரப் பாதிப்பு நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவிலோ அதற்கும் கீழாகவோதான் இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை சிகிச்சை செய்கிறீர்கள் என்று கேட்பதற்கும் கூச்சப்படாதீர்கள். ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

ஆசிரியை என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். உச்சத்தில் குரலெழுப்ப உதவும் மற்றொரு மெல்லிய நரம்பு சுரப்பியின் மேல்முனைக்கு அருகில் இருக்கிறது; பாடுபவர்களும் உரக்கப் பேசுபவர்களும் முன்கூட்டியே தெரிவித்தால் அதிலும் தனிக் கவனம் வைப்பார்கள். சிகிச்சைக்கு முன்பே குரல்நாண்களைக் கேமரா வழியாகப் பார்த்துப் பதிவு செய்துவிடுவதும் நல்லது. நரம்புக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், சில வாரங்களுக்குக் குரல் சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே வகுப்புக்குத் திரும்பும் நாளைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நாளன்று காலையில் மருத்துவர் வந்து என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, தலையைக் குனிந்து நிமிரச் செய்து, கழுத்தில் இயல்பாகவே விழும் மடிப்பு எது என்று பார்த்து, அதன்மேலேயே பேனாவால் கோடு போட்டார். தழும்பு பின்னாளில் மடிப்போடு மடிப்பாக மறைய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்களாம். அந்த நிமிடம் வரை கழுத்தை அறுக்கப்போகிறார்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இவர் தையல்காரரைப் போல அளவெடுத்துப் பார்த்துச் செய்கிறாரே என்று ஏனோ ஒரு நிம்மதி வந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:

அன்புள்ள தேன்சிட்டு, அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். கார்முகில் குரலைப் பற்றி எழுதிவிட்டதால் நான் மயக்கத்தைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

பயத்தை மறைத்துச் சிரித்த முகத்தோடு வருபவர்களைத்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம். ஏனென்றால், அவர்களுடைய நாடித்துடிப்பு வேறு கதை சொல்லும். உங்கள் பயம் மருத்துவருக்குத் தேவையான ஒரு தகவல். சர்க்கரை நோயையும் ஒவ்வாமையையும் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இதையும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முந்தைய இரவோ அன்று காலையிலோ பதற்றத்தைத் தணிக்கும் மருந்து கொடுக்க இயலுமா என்று அவர் உங்கள் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்வார். நீங்களாகத் தூக்க மாத்திரை எதையும் போட்டுக்கொள்ள வேண்டாம். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும், இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைகளையும், கைமருந்துகளையும் ஒன்றுவிடாமல் தெரிவித்துவிடுங்கள்.

நடுவில் விழித்துக்கொள்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், முழு மயக்கத்தின் இடையே நினைவு திரும்பியதாகத் தெரிவித்தவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். மயக்க மருந்து கொடுத்துவிட்டு மருத்துவர் வெளியே போய்விடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிவிடும் மூச்சு ஆகியவற்றை முதலிலிருந்து கடைசி வரை உங்கள் தலைமாட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். உங்களுக்கோ ஊசி ஏறுவதற்கும் "கண்ணைத் திறங்கள்" என்ற குரல் கேட்பதற்கும் இடையில் நேரம் போனதே தெரியாது.

விழித்தபின் இருக்கக்கூடியவற்றை இப்போதே அறிந்துகொண்டால் அப்போது பதற மாட்டீர்கள். மூச்சுக்குழாயில் குழல் வைத்திருந்ததால் தொண்டை கரகரக்கும், விழுங்கும்போது வலிக்கும். தோளுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்திருப்பார்கள் என்பதால், வெட்டிய இடத்தைவிடப் பிடரிதான் அதிகம் வலிக்கிறது என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அன்றிரவு செவிலியர் அடிக்கடி வந்து கழுத்தில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். அரிதாக உள்ளே இரத்தம் கசிந்து வீங்கலாம். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால் எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். கழுத்து இறுகுவதாகவோ மூச்சுத் திணறுவதாகவோ தோன்றினால் மட்டும் ஒரு நொடியும் தயங்காமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

உதட்டைச் சுற்றியோ விரல் நுனிகளிலோ குறுகுறுப்பு ஏற்பட்டாலும் சொல்லுங்கள். தைராய்டின் பின்னால் அரிசி அளவில் பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை அவையே. சிகிச்சையின்போது அவை சற்று அயர்ந்துவிட்டால் கால்சியம் குறையும். மாத்திரையால் அதைச் சரிசெய்வார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அவை பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குப் படபடப்பும் கைநடுக்கமும் உறக்கமின்மையும் நோயினாலேயே வரும். அவர்கள் தங்களைக் கோழை என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. சுரப்பு அளவை மருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பின்பே அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வார்கள். அப்போது அந்தப் பதற்றத்தில் பாதி தானே அடங்கிவிடும்.

நெடுவழி:

மாத்திரையைப் பற்றிய சலிப்புக்கு மட்டும் என் பதில். நான் பல ஆண்டுகளாக அதை உட்கொண்டு வருபவன்.

எனக்கு ஆறுதல் தந்தது வரலாறு. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கு முந்தைய காலத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை என்றாலே இரத்தப்போக்கிலும் நோய்த்தொற்றிலும் உயிரிழப்பவர்கள் ஏராளம். அவர் தம் நுணுக்கமான முறையால் அந்த இறப்பு விகிதத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் சுரப்பியை முழுவதும் எடுத்த தம் நோயாளிகள் பின்னர் உடல் ஊதி, மந்தமாகி, வாடிப்போவதைக் கண்டு 1883-இல் அவரே அதை வெளிப்படையாக அறிவித்தார். கத்தி வெற்றி பெற்றும் அவர்களுக்குக் கொடுக்க மாற்று எதுவும் அவர் கையில் இல்லை. 1891-இல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு குறைந்து நலிந்திருந்த ஒரு பெண்ணுக்குச் செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தது 1914-இல்.

நீங்களும் நானும் விழுங்கும் அந்தச் சிறிய மாத்திரையில் இருப்பது உடல் தானே சுரந்துகொண்டிருந்த அதே பொருள். வெளியிலிருந்து புகுத்தும் அந்நியப் பொருளாக அதை எண்ண வேண்டியதில்லை. சுரப்பி முழுவதும் இல்லாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்கி, 6 முதல் 8 வாரங்கள் கழித்து இரத்தத்தைப் பார்த்து அளவைக் கூட்டியோ குறைத்தோ தருவார்கள். சரியான அளவு அமையும்வரை சிலருக்குச் சோர்வு இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அதுதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உண்ண வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. அது உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், ஒருநாள் மறந்துவிட்டால் உலகம் இருண்டுவிடாது. அதற்காக மறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளவும் கூடாது.

நிழல்மரம்:

சகோதரி, மேலே எழுதியவர்கள் எல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. என் மனைவிக்கு இதே சிகிச்சை நடந்தது. விவரம் கேட்கக் கேட்க அவர் கலங்கினார். இணையத்தில் அறுவை சிகிச்சைக் காணொளியைப் பார்த்த இரவு அவர் உறங்கவே இல்லை. எல்லோருக்கும் அறிவு ஆறுதலாகிவிடாது. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவர் தெரிந்துகொள்ள விரும்பியதை மட்டும் அவரிடம் சொன்னேன். நீங்கள் எந்த வகை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் உறவினரிடம், "ஆறுதல் வேண்டாம், மருத்துவரிடம் என்னோடு வந்து அவர் சொல்வதைக் குறித்துக்கொள்" என்று ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

தேன்சிட்டு:

அனைவருக்கும் நன்றி. நிழல்மரம் ஐயா, நான் தெரிந்துகொண்டால் அமைதியாகும் வகைதான். ஆனால் காணொளிகளை இனித் தொட மாட்டேன். என் தங்கையை உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் கேள்வித் தாளைக் கொடுத்தேன். நரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டு என்றார். குரல்நாண்கள் இரண்டும் நன்றாக அசைகின்றன என்று பதிவும் செய்துவிட்டார்கள். மயக்க மருந்து மருத்துவரையும் பார்த்தேன். முந்தைய இரவுக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். இரவில் கை கழுத்துக்குப் போவது இன்னும் நிற்கவில்லை.

செவிலி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. வீட்டாரை விட்டுப் பிரிந்து, அரங்குக்கு வெளியே தனியாகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு கலங்குகிறது. அப்போது என்ன செய்வது?

ஓய்வுபெற்ற செவிலி:

அந்த இடத்தில் முதலில் உங்களிடம் வரும் செவிலியிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் அருகிலேயே நிற்பார். அங்கே குளிராக இருக்கும். குளிரின் நடுக்கத்தையும் பயத்தின் நடுக்கத்தையும் பிரித்தறிய முடியாமல் பலர் மேலும் அஞ்சுவார்கள். ஆகவே கேட்டு இன்னொரு போர்வை வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். அதை இன்றிரவே படுக்கையில் தொடங்கிப் பழகுங்கள். கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு செய்தால் கழுத்துக்குப் போகும் கைக்கும் ஒரு வேலை கிடைக்கும். உங்கள் பெயரையும் என்ன சிகிச்சை என்பதையும் ஒவ்வொருவராக வந்து திரும்பத் திரும்பக் கேட்பார்கள். குழம்பிப்போய்க் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், அது பாதுகாப்பு விதி. மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் மயக்கம் கொடுக்கும்வரை அதை வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். சுற்றியிருப்பவர்களின் முகம் தெளிவாகத் தெரிந்தாலே பாதி கலக்கம் குறையும்.