புதுப்பிப்பு: பண்ணை வீட்டு அஸ்திவாரம் தோண்டியாச்சு

இங்கிலாந்தில் எங்கள் பழைய பண்ணை வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி தந்தவர்கள், தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதையும், வேலை நின்றுவிடுமோ என்ற என் கவலையையும் முன்பு எழுதியிருந்தேன். நிற்கவில்லை.

வந்த தொல்லியலாளர் அம்மா முதலில் கேட்டது, தோண்டும் இயந்திரத்தின் கையில் மாட்டப் பல் இல்லாத வாளி. பல் இருந்தால் மண்ணைக் கிளறிக் குழப்பிவிடுமாம், இல்லாததுதான் சீராகச் சீவும், மண்ணின் நிற மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். அப்படிச் சீவியபோது சாம்பலும் செங்கல் தூளும் கலந்த ஒரு கருப்புப் பட்டை, அதற்குள் விரல் நீளத்தில் வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் தண்டு, நடுவே ஊசித் துளையோடு! புகையிலை ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான், ஆகவே இந்த அடுக்கு அதற்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை என்றார். கீழே கூழாங்கல் பாவிய முற்றம். அவர் அளந்து, வரைந்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து முடிக்கும்வரை மேஸ்திரி முறைத்துக்கொண்டே நின்றார்.

கிடைப்பதையெல்லாம் அரசு எடுத்துக்கொள்ளுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, பொதுவாக நிலத்துக்காரருக்குத்தான். 1996 புதையல் சட்டத்துக்குள் வருவதை மட்டும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

செலவு முழுக்க எங்கள் தலையில்தான், அதுதான் எரிச்சல். அடுத்து கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டும்போது மறுபடி வருவார்.