புதுப்பிப்பு: ரிட் அப்பீலுக்கு 30 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ரிட் அப்பீல் (ரிட் மனுவில் தனி நீதிபதி தந்த தீர்ப்பை எதிர்த்து அதே உயர் நீதிமன்றத்தில் செய்யும் மேல்முறையீடு) போட உள்ள 30 நாள் கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் குழம்பி, இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தீர்ப்பின் சான்றிட்ட நகலில் உள்ள சீலைப் பாருங்கள்" என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. நகல் கேட்டு மனு கொடுத்தது, அதற்கான முத்திரைத்தாளை நீதிமன்றம் கேட்டது, நாம் கட்டியது, நகல் தயாரானது எல்லாம் தேதியோடு அதில் இருக்கின்றன.

காலவரையறைச் சட்டம் 12(2)-இன்படி தீர்ப்பு நாளும், மனு கொடுத்ததிலிருந்து நகல் தயாராகும் வரையான நாட்களும் 30 நாள் கணக்கிலிருந்து கழியும். ஆனால் முத்திரை கட்டத் தாமதித்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழியாது.

எதிர்பாராதது, துறையின் கோப்பில், நகல் அவர்களுக்கு 'வந்து சேர்ந்த' தேதியிலிருந்து எண்ணியிருந்ததுதான். உண்மையில் கெடு தாண்டிவிட்டது! அப்புறம் என்ன, அதே சட்டத்தின் பிரிவு 5-இல், தாமதத்தை மன்னித்து அப்பீலை ஏற்கக் கேட்கும் மனுவும் சேர்ந்தே போனது. வெறுமனே 'கோப்பு சுற்றியது' என்றால் எடுபடாது. எந்த மேசையில் எத்தனை நாள் என்று எழுதினோம். தாமத மன்னிப்பு மனு நம்பராகிவிட்டது, அப்பீல் இன்னும் எஸ்.ஆர். எண்ணில்தான் (வழக்கு எண் தருவதற்கு முன், தாக்கலின்போது தரும் தற்காலிக எண்) இருக்கிறது.