புதுப்பிப்பு: டம்டம் பாறை அருகே அருவியை மறைத்த விளம்பரப் பலகைகள்

வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைச்சாலையில் எலிவால் அருவியை மறைத்து நிற்கும் விடுதி விளம்பரங்களைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, "புகாருக்கு முன் உரிமத்தைக் கேளுங்கள்" என்ற யோசனைதான். நேரடியாகக் கொடுத்த மனு, வழக்கம்போல, "எங்கள் எல்லை அல்ல" என்று திரும்பியது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரே கேள்வி: இந்த இடத்தில் பலகை வைக்க அளித்த அனுமதியின் நகல் வேண்டும். அனுமதியே வழங்கப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தத் தாளையும், கிலோமீட்டர் கல் தெரியும்படி எடுத்த படங்களையும் சேர்த்து, 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். நெடுஞ்சாலைத் துறையினரே வந்து அகற்றினார்கள். 297 மீட்டர் உயர அருவி இப்போது பஸ் ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

எதிர்பாராதது ஒன்று: பலகை போனதும் பின்னால் துருவேறிய வளைவு எச்சரிக்கைப் பலகை நின்றது. ஓட்டுநர்கள் பார்க்க வேண்டியதையே விடுதிக்காரர் மறைத்திருக்கிறார்! மனுவில் அழகைவிட இதை முன்னே வைத்திருந்தால் இன்னும் வேகமாக நகர்ந்திருக்கும்.

பட்டா நிலத்தில் உள்ள பலகைகள் அப்படியே நிற்கின்றன. சாலை எல்லைக்கு வெளியே இருப்பதால் நெடுஞ்சாலைத் துறை அவற்றில் கை வைக்கவில்லை. அவற்றுக்குப் புல எண்ணுடன் தனி மனு கொடுத்திருக்கிறேன்.